சாம்பல் நிறப் பேண்ட் சொன்ன சாட்சி

டாக்டரம்மா என் கையில் கட்டிய பட்டையை அவிழ்த்தார். என்னைப் பார்க்கவில்லை. என் மனைவியைப் பார்த்தார். அப்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. டாக்டர் நம்மிடம் பேசினால் மாத்திரையோடு போய்விடும். மனைவியிடம் பேசினால் தட்டில் கை வைக்கப் போகிறார் என்று அர்த்தம்.

"பிரஷர் ஏறியிருக்கு. சர்க்கரை வாசல்ல வந்து நிக்குது. இடுப்பு ரெண்டு இஞ்சாவது குறையணும்."

நான் தையல்காரன். ரெண்டு இஞ்ச் குறைக்க எனக்கு ஐந்து நிமிஷம் போதும். ஆனால் அது துணியில்.

எங்கள் இருவருக்கும் ஒரே கடை. நான் வெட்டித் தைப்பேன். அவள் காஜா எடுத்து, பட்டன் கட்டி, ஓரம் மடித்து, இஸ்திரி போட்டு முடிப்பாள். இருபத்தாறு வருஷமாக என் தையலை முடித்து வைப்பவள் அவள்தான். என் பேச்சையும்.

அன்று மாலை பக்கத்துக் கடை சலூன்காரர் வந்தார். முடியைத் தவிர உலகத்தில் எல்லாவற்றைப் பற்றியும் அவருக்கு ஒரு கருத்து உண்டு.

"அடுப்பை மறந்துடுய்யா. காய், பழம், முளைகட்டின பயறு. எல்லாம் பச்சையா. பால் கூடாது, முட்டை கூடாது, நெருப்பு பட்டது எதுவும் கூடாது. நாற்பது நாள். நாங்களும் உன்கூடவே சாப்பிடறோம். சிநேகிதன்னு பின்ன எதுக்கு இருக்கோம்?"

எதிர்க்கடை கடிகாரக்காரர் தலையை ஆட்டினார். அவர் பேசுவது வருஷத்துக்கு ஒருமுறை. மற்ற நாளெல்லாம் பெண்டுலம்தான்.

"குறைஞ்சுதான்னு எப்படிப் பார்க்கிறது?" என்றாள் என் மனைவி.

"எடை மெஷின் இருக்கே," என்றேன்.

"அதுல நீங்க ஒரு காலைத் தூக்கிட்டு நிப்பீங்க."

"அப்ப டேப் வெச்சு அளந்துடறேன்."

"மூச்சைப் பிடிச்சா முப்பத்தெட்டு, விட்டா நாற்பத்தொண்ணு. டேப் உங்க கையில இருக்கிறவரைக்கும் அது உங்க கட்சி. உங்க சாம்பல் கலர் பேண்ட்தான் சாட்சி. ஞாயித்துக்கிழமைதோறும் எல்லார் முன்னாடியும் போட்டுக் காட்டுங்க. நாற்பதாம் நாள் ரெண்டு இஞ்ச் தொளதொளன்னு இருந்தா அடுப்பைப் பத்தவைக்கிறேன்."

"இல்லைன்னா?"

"இன்னொரு நாற்பது நாள்." கொஞ்ச நேரம் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தாள். பிறகு தலை நிமிராமலே சொன்னாள். "கடைக்கு வேற ஆள் வெச்சுக்கலாங்க. சண்டை போட எனக்கு வேற யார் இருக்கா?"

இதற்குமேல் எவன் மறுப்பான்? அடுப்பு அணைந்தது.

மதியம் ஒரு மணிக்கு மூன்று பேரும் என் வெட்டுமேஜையைச் சுற்றி உட்காருவோம். ஆளுக்கொரு டப்பா. கேரட், வெள்ளரி, முட்டைக்கோஸ். மூன்று வாய் ஒன்றாக மென்றால் மரம் அறுக்கும் சத்தம் வரும். ஒரு வாடிக்கையாளர் எட்டிப் பார்த்து, "நாற்காலிக்குக் கால் போடுவீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூன்று நாள் உத்தமனாக இருந்தேன். நான்காம் நாள் நூல் வாங்கப் பின்தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு பேக்கரி இருக்கிறது. நான் உள்ளே போகவில்லை. வாசனைதான் வெளியே வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிற்று. ஒரு வெண்ணெய் பன். அது தனியாக இருக்கிறதே என்று துணைக்கு இன்னொன்று. அதற்குப் பிறகு எனக்கு தினமும் நூல் தேவைப்பட்டது.

சனிக்கிழமை வந்தது. மறுநாள் சாட்சி. என் மூளை வேலை செய்தது.

பேண்ட்டின் பின்பக்கத்தில், தையலுக்கு உள்ளே, கொஞ்சம் துணியை மடித்து விட்டிருப்போம். வாடிக்கையாளர் வளருவார் என்ற நம்பிக்கையில் தையல்காரன் விட்டுவைப்பது. மனைவி மதியம் வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, பின்தையலைப் பிரித்து அரை இஞ்ச் விட்டுத் தைத்தேன். சாயங்காலம் அவள் அதை இஸ்திரி போட்டு மாட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

ஞாயிறு காலை. சலூன்காரரும் கடிகாரக்காரரும் சாட்சிக்கு வந்தார்கள். வேலிக்கு ஓணான் சாட்சி. நான் பேண்ட்டை மாட்டினேன். பட்டன் முக்கி முனகிக்கொண்டு துளைக்குள் போயிற்று.

"போன வாரம் மாதிரியே பிடிக்குதே," என்றாள் மனைவி.

மனசுக்குள் கணக்குப் போட்டேன். அரை இஞ்ச் விட்டும் அதே இறுக்கம் என்றால், இடுப்பு அரை இஞ்ச் ஏறியிருக்கிறது. வெளியில் சொல்ல முடியுமா? திருடனுக்குத் தேள் கொட்டினால் அவன் வாயைத் திறக்க முடியாது.

அடுத்த சனிக்கிழமை இன்னும் அரை இஞ்ச் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை அதே இறுக்கம். ஆக மொத்தம் ஒரு இஞ்ச் ஏறிவிட்டேன். உள்ளே விட்டிருந்த துணியும் தீர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை சலூன்காரர் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். "நம்ம பேண்ட்டுய்யா. அரை இஞ்ச் லூஸ் பண்ணு. வீட்டுக்குத் தெரிய வேண்டாம்." மதியம் கடிகாரக்காரர் ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டு, இரண்டு விரலால் அரை இஞ்ச் காட்டினார். இரண்டையும் பிரித்துத் தைத்தேன். மனைவி இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். மறுநாளே இரண்டும் திரும்பி வந்தன.

"என்னய்யா தைக்கிற? முன்னைக்கு இப்பத்தான் அதிகமாப் பிடிக்குது," என்றார் சலூன்காரர்.

வெட்டுமேஜையைச் சுற்றி மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். யாரும் கேரட்டைத் தொடவில்லை.

"பன்," என்றேன் நான்.

"பஃப்ஸ்," என்றார் சலூன்காரர், தரையைப் பார்த்து.

கடிகாரக்காரர் வெகுநேரம் யோசித்தார். "ரெண்டும்." அந்த வருஷத்துப் பேச்சு அத்தோடு முடிந்தது.

"ரெண்டே வாரத்துல ஒரு இஞ்ச் ஏறிட்டேன்யா," என்றேன். "இப்படியே போனா டாக்டரம்மா சொன்னது நடந்துடும்."

சலூன்காரர் என் தோளில் கை வைத்தார். "நடக்க விடமாட்டோம்."

அன்றைக்குத்தான் நாங்கள் நிஜமான சிநேகிதர்கள் ஆனோம். நான்கு மணிக்கு என் கண் பின்தெருப் பக்கம் போனால் போதும். சலூன்காரர் என்னை இழுத்து நாற்காலியில் உட்காரவைத்து முகம் முழுக்க சோப்பு நுரை பூசிவிடுவார். நுரையோடு எவனும் பேக்கரிக்குப் போகமாட்டான். சில நாள் மூன்று முறை சவரம் செய்துகொண்டேன். கடிகாரக்காரர் விடிந்ததும் வந்து கதவைத் தட்டுவார். மூன்று பேரும் நடப்போம். பச்சைக் குடைமிளகாய் இனிக்கும் என்பது ஐம்பத்தொரு வயதில்தான் எனக்குத் தெரிந்தது. பசித்தால் எல்லாம் இனிக்கிறது.

நாற்பதாம் நாள் டாக்டரம்மா பட்டையை அவிழ்த்துவிட்டு, முதல்முறையாக என்னைப் பார்த்துப் பேசினார். "நல்லா இறங்கியிருக்கு. இப்படியே இருங்க." வாசலில் என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தூசி என்றாள்.

வீட்டில் பேண்ட்டை மாட்டினேன். கையை எடுத்ததும் இறங்கிற்று. சலூன்காரர் அளந்து பார்த்தார். "மூணு இஞ்ச்." நான் பிரித்துவிட்டது ஒன்று போக, நிஜமாகவே ரெண்டு. நெஞ்சை நிமிர்த்தினேன். மனைவி போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

தடயத்தை அழிக்க வேண்டுமே. பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு கடைக்கு ஓடினேன். உள்பக்கம் திருப்பினேன். இத்தனை நாளும் நான் பின்தையலை மட்டுமே பார்த்திருந்தேன். திருடன் தான் ஒளித்த இடத்தையே சுற்றிச் சுற்றி வருவான். இப்போது முன்பக்க மடிப்பைப் பார்த்தேன். பிரித்த தையலின் ஊசித்துளைகள், எறும்பு வரிசை போல. சின்னது, ஒரே சீர். இவ்வளவு ஒழுங்கான கை எனக்குத் தெரிந்து ஒருத்திக்குத்தான் உண்டு.

அவள் பின்னாலேயே வந்து நின்றாள்.

"நீங்க பின்னாடி எவ்வளவு பிரிச்சீங்களோ அவ்வளவு நான் முன்னாடி பிடிச்சேன். போன வாரம்தான் அவிழ்த்துவிட்டேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு முழுக்க வெள்ளைச் சட்டைதான் தைச்சோம். மெஷின் பாபின்ல சாம்பல் நூல் இருந்துச்சு."

முப்பது வருஷத் தையல்காரன் நூலை மாற்ற மறந்திருக்கிறேன்.

"அப்போ நான் குண்டாகவே இல்லையா?"

"இல்லை. பயந்தீங்க. அதுதானே வேணும்?"

"அப்ப அவங்க ரெண்டு பேர் பேண்ட்டையும் ஏன் கூடுதலாப் பிடிச்சே?"

"அது அவங்க வீட்டுக்காரம்மாங்க கேட்ட அளவு."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். "வாங்க, சூடா சாப்பிடலாம். சொன்ன வாக்கு வாக்குதான்," என்றவள், அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தாள். புதுப் பேண்ட். நீல நிறம். அவளே வெட்டி, அவளே தைத்தது. என் புது இடுப்புக்குக் கச்சிதம்.

"இனிமே ஞாயித்துக்கிழமைக்கு இதுதான்," என்றாள்.

எதற்கும் இருக்கட்டுமே என்று, தொழில் பழக்கத்தில் அதை உள்பக்கம் திருப்பினேன். பிரித்து விடுவதற்கு ஒரு நூல் துணிகூட அவள் மிச்சம் வைக்கவில்லை.