ஏசி ரூமில் சும்மா இருந்த பெட்டி

திருப்பூர்,
22.11.2007

அன்புள்ள மாப்பிள்ளை பிரதீப்புக்கு, உன் தாய்மாமன் ஆறுச்சாமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தை மருதாளும் சுகம். கோயமுத்தூரில் நீயும் உன் அம்மா கண்ணம்மாள் அக்காவும் சுகமாக இருக்கப் பழனியாண்டவர் துணை. சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, திங்கட்கிழமையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ என் போனை எடுப்பதில்லை. நியாயம்தான். அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பனியன் கம்பெனிக்கு உன் சின்னக் கம்ப்யூட்டர் டப்பாக்கள் பன்னிரண்டும் வந்ததே என் வாயால்தான் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். முதலாளி மோகன்ராஜிடம் நீ தின் கிளையன்ட், சர்வர் என்று ஒரு மணி நேரம் பேசினாய், அவர் கொட்டாவி விட்டார். நான் குறுக்கே புகுந்து, "ஏனுங்க, பழைய கம்ப்யூட்டருன்னா மேசைக்கு மேசை அடுப்பு வெச்சு அவங்கவங்க டீ போடற மாதிரிங்க. இதுல உள்ளார ஒரே அடுப்புங்க, மேசையில வெறும் டம்ளருங்க. டம்ளர்ல பஞ்சு அடைச்சு நிக்குமுங்களா?" என்றேன். பழைய மெஷின்களின் காத்தாடியில் பஞ்சுத் தூசி அடைத்து வாரத்துக்கு ஒன்று படுத்துக்கொண்டிருந்த காலம். அன்றைக்கே சரி என்றுவிட்டார். இந்த விளக்கத்தைக் கேட்கப் பல்லடத்திலிருந்து தினம் முப்பது பேர் வந்து போனார்கள் என்று வைத்துக்கொள். வீரபாண்டி கம்பெனிக்காரர் உனக்கு ஆர்டர் தருவதாகச் சொன்னதும் அப்படித்தான்.

கழித்துப் போட்ட கம்ப்யூட்டர்களை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார் முதலாளி. நான் எட்டாவது வரை படித்த கணியூர்ப் பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் தின விழா, பத்தாயிரம் பேர் கூட்டம். மைக் கையில் வந்ததும் பத்து கம்ப்யூட்டர் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை காலையில் டெம்போவை நிறுத்திவைத்துக்கொண்டு எண்ணினால் ஒன்பதுதான் இருக்கிறது. மைக்கில் சொன்ன வாக்கு மாப்பிள்ளை, என்ன செய்வேன்? குடோனுக்குப் பக்கத்து ரூமைத் திறந்தேன். ஒரு கறுப்புப் பெட்டி. முன்னால் நாற்காலி இல்லை, டிவி மாதிரி திரை இல்லை, ஆள் இல்லை. கட்டிங் செக்‌ஷனில் மனிதர்கள் வேர்த்து வடிய, இது மட்டும் ஏசியில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. எனக்கே கொஞ்சம் கோபம் வந்தது. ஒயரைப் பிடுங்கி நானே தூக்கி டெம்போவில் வைத்தேன்.

திங்கட்கிழமை காலை, சரக்கு வாங்குகிற பையர் கேட்கிற பேப்பரெல்லாம் தயார் செய்கிற பொண்ணு சாயிமாதான் முதலில் கூப்பிட்டது. "அங்கிள், என்னோட கம்ப்யூட்டரு வரலீங்க." பக்கத்து மேசையிலும் வரவில்லை, பன்னிரண்டிலும் வரவில்லை. பழைய காலம் என்றால் ஒன்று படுத்தால் மற்றதில் வேலை ஓடும். முதலாளி உனக்குப் போன் போட்டார், நீ சர்வரைப் பார்க்கச் சொன்னாய், எல்லோரும் அந்த ரூமுக்கு ஓடினோம். ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மாப்பிள்ளை, நான் தூக்கிக் கொடுத்தது அடுப்பு என்று எனக்கு உறைத்தது.

"உங்க மருமவன் பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டானுங்க. ரூம் சாவி அவன்கிட்டயும் உங்ககிட்டயுந்தான் இருக்குது, நீங்க எடுக்கப் போறீங்களா?" என்றார் முதலாளி. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவர் மாமனுக்கு வந்த வெட்கம் என்று நினைத்துக்கொண்டார். அவரே வீரபாண்டிக்குப் போன் செய்து உன்னைத் திருடன் என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். ஆயிரம் பேர் நடுவில் பேசுகிறவன் நான். அன்றைக்கு ஏசி ஸ்விட்சை அணைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நேற்று பெட்டியைத் திரும்ப வாங்கக் கணியூர் போனேன். பெரிய டீச்சர் பிரிசில்லா, "இந்தப் பத்தாவதுதானுங்க பெருசு, ஆனா என்னமோ பாஸ்வேர்டு கேட்குது" என்று சொல்லி, அதன் மேல் என் பெயரைப் பெயின்டில் எழுதிவைத்திருந்ததைக் காட்டினார். அப்புறம் பொன்னாடை போர்த்தினார்கள், சாப்பாடு போட்டார்கள். சாப்பிட்டுவிட்டு, பெட்டியைக் கேட்காமலே வந்துவிட்டேன்.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு முதலாளி முன்னால் போய் நின்று, "எடுத்தவன் நான்தானுங்க, என் மருமவன் சொக்கத்தங்கமுங்க" என்று சொல்லப்போகிறேன். வேலை போனாலும் போகட்டும். வீரபாண்டிக்கும் நானே நடந்து போய்ச் சொல்வேன். மாமனை மன்னித்துவிடு. அக்காவிடம் நீயாக எதுவும் சொல்லாதே, அது தாங்காது. நீ நூறு வயது நல்ல பேரோடு இருக்க வேண்டும்.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்,
ஆறுச்சாமி
(நிர்வாகம், ஸ்டோர் மற்றும் எல்லாம்)

பின்குறிப்பு: கவரை ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்று ஒன்பது மணிக்கு முதலாளி முன்னால் போய் நின்றேன். "என்னங்க ஆறுச்சாமி, சொல்லுங்க" என்றார். சொல்ல நினைத்தது வேறு, வாயில் வந்தது வேறு. பெட்டியைச் சர்வீசுக்குக் கொண்டுபோகிறேன் என்று நீ என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாய், நான்தான் மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். "போனு போட்டப்பவே அந்தப் பையன் இதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமில்லீங்க" என்று சிரித்தே விட்டார். பெட்டி வந்ததும் வீரபாண்டியிடமும் பேசுவாராம். ஆகவே நீ திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்ததும் கணியூர் போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டு, அன்றைக்கே இங்கே கொண்டுவந்து வை. டீச்சரிடம் என் பேச்சை எடுக்காதே. முதலாளி உனக்குப் போன் செய்வார். நீ தப்புச் செய்தவன் மாதிரி கொஞ்சம் தாழ்ந்து பேசு, இல்லாவிட்டால் நம்ப மாட்டார்.