சட்டப்படி உட்கார்ந்தேன்

புடவைக் கடையில் வேலைக்குச் சேருகிறவர்கள் முதலில் மறப்பது உட்காருவதைத்தான். தி. நகரில் ஒரு ஜவுளிக் கடையின் பட்டுப் பிரிவில் நான் வேலை பார்த்தேன் என்று சொல்வதைவிட, நின்றேன் என்று சொல்வதுதான் சரி. கூட்டமே இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். மேசைமேல் லேசாகச் சாய்ந்தால்கூட மேலாளர் அண்ணாச்சி (தங்கமான மனுஷன், முறைக்காத நேரத்தில்) தூரத்திலிருந்தே கனைப்பார். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது கால் இரண்டும் சுரைக்காயாக வீங்கியிருக்கும்.

கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்த சேதியை நான் முதலில் நம்பவில்லை. சட்டம் என்பது திருடனைப் பிடிக்கவும் சொத்தைப் பிரிக்கவும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். கோட்டையில் பெரிய பெரிய ஆட்கள் கூடி என் முழங்காலைப் பற்றிப் பேசினார்களா? அன்று பஸ்ஸில் வீடு வரும்வரை என் முழங்காலையே பார்த்துக்கொண்டு வந்தேன் (அதற்குத் திடீரென்று மரியாதை கூடிவிட்டிருந்தது).

கடைக்கு உயரமான ஸ்டூல்கள் வந்தன. பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. உட்காரக் கூடாது என்று அண்ணாச்சி சொல்லவில்லை. ஆனால் கனைப்பதையும் அவர் நிறுத்தவில்லை. எல்லோரும் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றோம்.

ஒரு மத்தியானம் தொழிலாளர் துறையிலிருந்து ஆய்வாளர் அம்மா ஒருவர் வந்தார். நேராக என்னிடம் வந்து, உட்கார விடுகிறார்களா என்று கேட்டார். விடுகிறார்கள் என்றேன், விறைப்பாக நின்றபடி.

"அப்புறம் ஏன் நிக்கறீங்க?"

"நீங்க வந்துகீறீங்களே மேடம், அதான்."

உட்காரச் சொன்னார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். நான் பார்த்ததைப் பார்த்து ஆய்வாளரும் அவரைப் பார்த்தார். அண்ணாச்சிக்கு ஏசியிலும் வேர்த்துவிட்டது. கிட்டே வந்து மெல்லக் கெஞ்சினார்.

"எம்மா, ஒனக்குப் புண்ணியமாப் போவும். உக்காரு தாயி."

உட்கார்ந்தேன். பாதி உட்கார்ந்திருப்பேன், வாடிக்கையாளர் ஒருவர் படியேறி வருவது தெரிந்தது. பழக்கதோஷம், எழுந்திருக்கப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறை வழுக்கியது. பக்கத்தில் கல்யாணப் பட்டு கட்டி நின்றிருந்த பொம்மையின் இடுப்பைப் பிடித்தேன். இருவரும் கட்டிப்பிடித்தபடியே விழுந்தோம். பொம்மையின் தலை கழன்று உருண்டுபோய் ஆய்வாளரின் செருப்பில் முட்டி நின்றது.

வேலை போச்சு என்று தரையில் கிடந்தபடியே முடிவு கட்டினேன். புருஷனுக்கு ஆட்டோவில் சவாரி சரியாக இல்லாத சமயம். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியாமலே மன்னிப்புக் கேட்டேன், பொம்மையிடமும் கேட்டிருக்கலாம்.

ஆய்வாளர் சிரிக்கவில்லை. தலையை எடுத்து அண்ணாச்சியிடம் கொடுத்தார். என்னைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். பிறகு ஸ்டூலை ஆட்டிப் பார்த்தார்.

"தகுந்த இருக்கை தரணும்னு சட்டம் சொல்லுது. இதுவா தகுந்த இருக்கை? இவங்க விழுந்ததை நீங்களே பார்த்தீங்க. மாத்துங்க."

அண்ணாச்சி பொம்மைத் தலையை நெஞ்சோடு அணைத்தபடி சரி என்றார். என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களா என்று ஆய்வாளரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"உக்காந்ததுக்கா? அனுப்பினா என்கிட்ட வாங்க."

சின்ன வயதிலிருந்து எது விழுந்தாலும் உடைந்தாலும் பழி என்மேல்தான். முதல் தடவையாக, நான் விழுந்ததற்கு ஸ்டூலைக் குற்றம் சொன்னார்கள். என்னைப் பார்த்தே இராத யாரோ, நான் விழுவதற்கு வெகுநாள் முன்பே 'தகுந்த' என்று ஒரு வார்த்தையை எனக்காக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஆச்சரியம் எனக்கு இன்னும் தீரவில்லை.

சீக்கிரமே முதுகு சாய்க்கிற நாற்காலிகள் வந்தன. கனைப்பும் நின்றது.

இப்போது வீட்டுக்கு யாராவது விருந்தாளி வந்து, "நீயும் உக்காரேம்மா" என்று என்னிடம் சொன்னால் போதும், என் புருஷன் முந்திக்கொள்வார்.

"அது சும்மால்லாம் குந்தாது. கவர்மெண்டே வந்து சொல்லணும்."