பவழமல்லியின் உரையாசிரியர்

பூச்செடி வளர்ப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை. நான் சொல்ல வந்தது, பூச்செடிக்கு அர்த்தம் சொல்பவர்களைப் பற்றி. இந்த இனம் மண்ணைத் தொடாது; எரு எது, எறும்புப் பொடி எது என்று இதற்குத் தெரியாது; ஆனால் ஒரு மொட்டைக் காட்டினால் போதும், அது மலர்வதற்குள் அதன் தத்துவத்தைச் சொல்லி முடித்துவிடும்.

மும்பை செம்பூரில் எங்கள் பில்டிங்கின் முதல் மாடியில் இருக்கும் மகாதேவன் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி. அவர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கிரில்லில், பாதியாக வெட்டிய நீல டிரம் ஒன்றில், பவழமல்லி நின்றது. அதற்கு அரிசி களைந்த நீரை ஊற்றுவதும், கம்பளிப்பூச்சியைக் குச்சியால் எடுப்பதும், காய்ந்த கிளையை நறுக்குவதும் மனைவி விசாலாக்ஷியின் வேலை. அர்த்தம் மட்டும் மகாதேவனின் இலாகா. வெள்ளை இதழ் தூய்மையாம், சிவந்த காம்பு வைராக்கியமாம். குழாய் ரிப்பேருக்கு வந்தவரைக்கூட விடமாட்டார். அந்த மனிதர் பீறிடும் தண்ணீரைக் கையால் பொத்திக்கொண்டு, "சாப், பஹலே பானி பந்த் கரோ" என்று, முதலில் தண்ணீரை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சும்போது, இவர் பாரிஜாதம் தேவலோகத்திலிருந்து புறப்பட்ட கட்டத்தில்தான் இருப்பார்.

அந்தக் கதை உங்களுக்கும் தெரியும். கிருஷ்ணன் மரத்தைக் கொண்டுவந்து சத்யபாமாவின் தோட்டத்தில் நட்டான். பூவெல்லாம் ருக்மிணியின் வீட்டில் விழுந்தது.

"இதுலேர்ந்து என்ன தெரியறது? நட்டவாளுக்குச் சொந்தமில்லை! பாமாவோட அகங்காரத்துக்குப் பகவான் வச்ச குட்டு!" என்று முடிக்கும்போது மகாதேவனுக்குக் கண்கூடக் கலங்கும்.

புவியீர்ப்பும் புராணம் படித்திருக்கும் போலிருக்கிறது. இவர் செடியின் பூக்கள் முழுக்கக் கீழ்வீட்டு லிசாவின் தகரக் கூரையில் விழுந்தன. மற்றப் பூக்களைப் பறித்துத்தான் சுவாமிக்குப் போடவேண்டும்; பவழமல்லியை மட்டும் உதிர்ந்ததைப் பொறுக்கிப் போடலாம். பொறுக்கியது லிசா. ஒரு கிண்ணம் பூவை மாதா படத்தின் முன் வைத்துவிட்டு, மிச்சத்தை டப்பாவில் போட்டு விசாலாக்ஷிக்கு மேலே கொடுத்தனுப்புவாள். டப்பா சும்மா திரும்பாது. அடையோ மோர்க்குழம்போ ஏதாவது அதில் இறங்கிப் போகும்.

இதைக் கண்டுபிடித்த காலையில் மகாதேவனும் இறங்கிப் போனார்.

"லிசா, அது எங்காத்துப் பூவாக்கும். ஸ்வாமி புஷ்பம்."

"எங்க கூரையில வந்து விழுந்தா நான் என்ன செய்ய அண்ணாச்சி? மரம் அங்க, பூ இங்கன்னு நீங்கதான கதை சொன்னிய? என்னைய ருக்மிணின்னு நெனச்சுக்கிடுங்க."

"அது புராணம். இது ஹவுசிங் சொசைட்டி."

மறுநாள் கிரில்லுக்குக் கீழே ஒரு கொசுவலை தொங்கியது. பூ வலையில் விழுந்தது. உடனே ஒரு சந்தேகமும் விழுந்தது: அந்தரத்தில் தொங்கும் பூ உதிர்ந்த பூவாகுமா? சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டார். ஆகும் என்று பாதிப் பேரும், ஆகாது என்று பாதிப் பேரும், குட் மார்னிங் என்று அம்பர்நாத் சித்தப்பாவும் பதில் போட்டார்கள். இனி யோசிக்க என்ன இருக்கிறது? டிரம்மையே ஹாலுக்குள் இழுத்து, டிவிக்குப் பக்கத்தில் வைத்து, சுற்றிலும் ஜமக்காளம் விரித்துவிட்டார்.

கீழேயிருந்து டப்பா வருவது நின்றது. மொட்டு வருவதும் நின்றது. இலைகள் மஞ்சளாகி ஜமக்காளத்தில் விழுந்தன.

"ஏன்னா, செடி வெயிலுக்கு ஏங்கறது. வெளில வைங்கோ."

"வாடலை விசாலம். உள்முகமாத் திரும்பறது."

"செத்துண்டிருக்கு!"

"துறவுன்னா ஆரம்பத்துல அப்படித்தான் தெரியும்."

துறவிக்கு மனைவியாக இருப்பதாவது பரவாயில்லை; துறவுக்குத் தண்ணீர் ஊற்ற முடியுமா? அவர் ஆபீஸ் போனதும் விசாலாக்ஷி தரையில் உட்கார்ந்து, தண்டை நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே இன்னும் பச்சை இருந்தது. ஜன்னலுக்கு ஓடினாள்.

"லிசா, உன் சமையல்கட்டுச் சுவரோரம் மண் இருக்கோன்னோ? ஒரு குழி தோண்டேன்."

"தோண்டிருதேன்க்கா. அண்ணாச்சி சண்டைக்கு வருவாவளே?"

"வரமாட்டார். இதுக்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடிச்சுடுவார்."

வாட்ச்மேனை ஒரு கை பிடிக்கச் சொல்லி, இரண்டு பெண்களும் டிரம்மைப் படிப்படியாக இறக்கினார்கள்.

மழைக்காலம் முடிந்ததும் செடி பூத்தது. வாசனை முதல் மாடிவரை ஏறி வருகிறது. மகாதேவனா? வீட்டுக்கு வருகிறவர்களை ஜன்னலுக்கு அழைத்துப்போய்க் கீழே காட்டுகிறார். "நான்தான் எடுத்துண்டு போகச் சொன்னேன். தியாகம்னா பவழமல்லி. நட்டவாளுக்குச் சொந்தமில்லை, பாருங்கோ!" விசாலாக்ஷி அப்போது அங்கே இருப்பதில்லை. லிசாவோடு கீழே பூப் பொறுக்கிக்கொண்டிருப்பாள்.

நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் படித்துக்கொண்டு வரும்போதே, இந்தப் பவழமல்லி எதைக் குறிக்கிறது, கீழ்வீடு எதைக் குறிக்கிறது, வலைக்கு ஏதும் உட்பொருள் உண்டா என்று ஒரு கணம் யோசித்தீர்கள்தானே? எழுந்துபோய் உங்கள் ஜன்னல் தொட்டியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மண் காய்ந்திருந்தால் அது எதையும் குறிக்கவில்லை. தண்ணீர் ஊற்றவேண்டும்.