மூடிய காட்டில் மரமேறிய சம்பந்தி

அன்புமிக்க மச்சான் இத்தருக்கு, உன் அக்காள் புருஷன் பிஹி ஸலாம் சொல்லி எழுதுவது. காசாபிளாங்காவில் உன் மளிகைக்கடையும் பிள்ளைகளும் அல்லாஹ் கிருபையால் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே என் முதுகையும் உன் அக்காள் இஜ்ஜாவின் வாயையும் தவிர எல்லாம் சுகம். முள் குத்தின முதுகு என்பதால் குப்புறப் படுத்தே எழுதுகிறேன், கையெழுத்தை மன்னிக்கவும்.

அவள் போனில் உனக்கு ஏதேதோ சொல்லியிருப்பாள், நம்பாதே. நம் மகள் கல்தூமைப் பெண் கேட்டு நேற்று தாவுதும் அவர் மனைவி ருக்கியாவும் வருவதாக இருந்தது. அவர்கள் பையனுக்கும் கல்தூமுக்கும் ஏற்கெனவே மனசு ஒத்துப்போய்விட்டது. ருக்கியாதான் இழுத்தடித்தாள். "அகாதிர்ல கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணுக்கு எண்ணெய் எடுக்க ஆர்கன் கொட்டைப் பருப்பு வறுக்கத் தெரியுமா? கருக்கிப்புடுவா" என்று சந்தை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். தாவுதோ இந்த வருஷம் காட்டுக் காவலர். அடைப்புக் காலம் உனக்குத் தெரியாததா? ஊர்க்கூட்டம் நாள் குறிக்கிறவரை மனுஷன் ஒரு பழம் பொறுக்கக்கூடாது, ஆடு ஒரு கிளை ஏறக்கூடாது. அதை மீறின சொந்தத் தம்பியையே சந்தையில் நிற்கவைத்து மானத்தை வாங்கின ஆள் அவர்.

வருகிறவர்கள் முன்னால் கொஞ்சம் மினுமினுப்பாக நிற்கலாமே என்று, அலமாரியில் இருந்த ஆர்கன் எண்ணெயை எடுத்து வழுக்கையிலும் முழங்காலிலும் தாராளமாகத் தேய்த்துக்கொண்டேன். கல்தூம் பதறி ஓடி வந்தாள்.

"ஐயோ வாப்பா! அது வறுத்த எண்ணெய், ரொட்டிக்கு வச்சிருந்தேன். மேலுக்குப் பூசுறது வறுக்காதது, அந்த வெளிர் பாட்டில்!"

"ஏதோ ஒண்ணு. வைட்டமின் ஈ இருக்குன்னு நீதானே சொன்னே?"

"இருக்கு. ஒலிக் அமிலம், லினோலிக் அமிலம் எல்லாம் இருக்கு. தோல் வறளாது, அளவாச் சாப்பிட்டா நெஞ்சுக்கும் நல்லது. வழுக்கையில முடி முளைக்கும்னு நான் எப்போ சொன்னேன்?"

காலமெல்லாம் பஸ் ஓட்டிப் படிக்கவைத்தவனிடம் இப்படியா பேசுவது! அந்த நேரம் பார்த்து வெளியே பார்க்கிறேன், நம் வெள்ளை ஆடு எதிரே ஆர்கன் மரத்து உச்சியில் நின்று பழத்தை மென்று கொட்டையைத் துப்பிக்கொண்டிருக்கிறது! கழுத்தில் சிவப்பு ரிப்பன் வேறு, விருந்தாளிகளுக்காகக் கல்தூம் கட்டிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். பாதை வளைவில் தாவுதின் தலைப்பாகை தெரிகிறது. மகள் கல்யாணம் போச்சே என்று மரத்துக்கு ஓடினேன். ஏறினேன் மச்சான்! முள் குத்தினதைச் சொல்லவா, எண்ணெய்க் கை வழுக்கினதைச் சொல்லவா, நான் பாதி மரம் ஏறுமுன்னே அந்தச் சனியன் துள்ளி இறங்கி, நேரே தாவுதிடம் போய் அவர் காலை உரசிக்கொண்டு நிற்கிறது. அதிகாரம் யாரிடம் என்று ஆட்டுக்குக்கூடத் தெரிகிறது. மரத்தில் மிச்சம் நான் ஒருத்தன்தான், அதுவும் சட்டை முள்ளில் மாட்டிக்கொண்டு.

"அடைப்புக் காலத்துல மரத்துல என்ன பண்றீங்க?" என்றாள் ருக்கியா.

"காத்து வாங்குறேன்" என்றேன். வேறென்ன சொல்ல?

இஜ்ஜா தலையில் அடித்துக்கொண்டாள். கல்தூம் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. தாவுது என்னைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். "வயசானவர், விடு. யாரும் எதையும் பாக்கல" என்று ஏணி வைத்து அவரே என்னை இறக்கினார். என்ன பெருந்தன்மை! இறங்கினதும் ருக்கியா என் வழுக்கையருகே வந்து மூக்கை உறிஞ்சினாள்.

"இது யார் வறுத்தது?"

"நான்தான் மாமி" என்றாள் கல்தூம்.

"கருகலே இல்லையே! ஆடு துப்பின கொட்டையோட வாடையும் இல்ல. பதமா வறுத்திருக்கேடி பொண்ணே!"

அப்புறமென்ன, பாட்டிலில் மிஞ்சினதில் ரொட்டியைத் தொட்டுத் தின்று, காடு திறந்த கையோடு கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். ஆக, இந்தச் சம்பந்தத்தை முடித்தது என் தலையும் என் துணிச்சலும்தான். உன் அக்காளுக்கு இதை நீயே எடுத்துச் சொல்லு.

உன் கடையில் பரக்கத் பெருகட்டும். பிள்ளைகளுக்கு என் துஆ.

இப்படிக்கு,
காவலர் மனதையே கரைத்த பிஹி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் இஜ்ஜா இதைப் படித்துவிட்டு, என்னைக் கைத்தாங்கலாகக் கொட்டகைக்கு இழுத்துப்போனாள். அங்கே நம் வெள்ளை ஆடு கட்டின கயிற்றோடு ஆர்கன் பிண்ணாக்கு தின்றுகொண்டிருக்கிறது. நேற்று முழுக்க அவிழ்க்கவே இல்லையாம். பக்கத்தில் சிவப்பு ரிப்பனோடு இன்னொரு வெள்ளை ஆடு! தாவுது நமக்குச் சீராகக் கொண்டுவந்ததாம். வழியில் அவர் கையை உதறிவிட்டு முன்னால் ஓடி வந்துவிட்டதாம். வெளியே சொல்லவேண்டாம் என்று காவலர் உன் அக்காளிடம் கெஞ்சிக் கேட்டிருக்கிறார். கல்யாணம் முடிகிறவரை நீயும் வாயைத் திறக்காதே.