ஏதோ தவறு நடந்துவிட்டது

எனக்கு எது தப்பாகப் போனாலும் கோபம் முதலில் அடுத்தவர் மேல்தான் வரும். கம்ப்யூட்டர் படித்தும் அந்தக் குணம் போகவில்லை. (படித்த பிறகுதான் கூடியது என்பார் சித்தி.)

சின்ன காஞ்சிபுரத்தில் சித்தப்பாவுக்குப் பட்டுச்சேலைக் கடை, பின்கட்டில் தறிகள். ஆர்டர் கொடுத்த சேலை என்று தயாராகும் எனச் சொல்லும் மென்பொருள் ஒன்றை எழுதினேன். அவர் ஏற்றுக்கொண்டால் மற்ற கடைகளும் வரும், பக்கத்துச் செவிலிமேட்டில் எங்கள் வீட்டிலிருந்தே பிழைத்துக்கொள்வேன். இல்லாவிட்டால் சென்னையில் வேலை, தினமும் ரயில் என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

"நிறைஞ்ச அமாவாசை, தறியும் ஓடாது. அன்னிக்கே வந்து காட்டும்மா" என்றார் சித்தப்பா.

முகூர்த்தச் சேலை எடுக்க வந்த ஒரு குடும்பமே சுற்றி நின்றது. பந்தாவாகப் பொத்தானை அழுத்தினேன். 'ஏதோ தவறு நடந்துவிட்டது. மீண்டும் முயலவும்.' முயன்றேன். அதே பதில்.

"நெட்டு சரியில்ல" என்றேன். (என் மென்பொருளுக்கு நெட்டே வேண்டாம்.) கடைக் கம்ப்யூட்டர் பழசு என்றேன். ஃபேனால்தான் மின்சாரம் குறைகிறது என்று அதையும் நிறுத்தினேன். கல்யாணப்பெண்ணின் அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டார்.

"தப்பு தப்புன்னு சொல்லிக்கினே இருக்குதே, இன்னா தப்புன்னு சொல்லாதா?" என்றார் சித்தி.

"அது அப்படித்தான் சொல்லும் சித்தி."

"அப்படிச் சொல்லச் சொன்னது யாரு?"

நான்தான்! எந்தப் பிழை வந்தாலும் அதை விழுங்கிவிட்டு இந்த ஒரே வாக்கியத்தைக் காட்டும்படி, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று எழுதியிருந்தேன். அந்த வரிகளை நீக்கி ஓட்டினேன். பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாது என்றது. நெய்ய வேண்டிய நீளத்தை அன்றைக்குத் தறியில் நெய்யும் நீளத்தால் வகுப்பது என் கணக்கு. அமாவாசைக்கு நெசவு பூஜ்ஜியம் என்று, ஊர் வழக்கம் தெரிந்தவள் என்ற பெருமையோடு பதிந்து வைத்ததும் நானேதான்.

வந்தவர்கள் நழுவிவிட்டார்கள். "அப்புறம் பாக்கலாம்மா" என்றார் சித்தப்பா. அந்த 'அப்புறம்' வரவே வராது என்று எனக்குத் தெரியும். பையை எடுத்தேன்.

"மூஞ்சி ஏம்மா இப்படி இருக்குது?"

"ஒண்ணுமில்ல சித்தி."

"இதுவும் அந்தப் பொட்டி சொன்ன மாதிரிதானே? மூடி வச்சத எடுத்துட்டுச் சொல்லு."

பொலபொலவென்று அழுதுவிட்டேன். "சென்னைக்குப் போகப் பிடிக்கல. இங்கயே இருக்கணும்."

சித்தப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? சரி பண்ணி, அடுத்த அமாவாசைக்கே எடுத்துக்கினு வா."

அந்த அமாவாசைக்குக் கொண்டுபோனேன், ஓடியது. இன்னும் அந்தக் கடையில் அதுதான் ஓடுகிறது. எங்கள் வீட்டில் யார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு "ஒண்ணுமில்ல" என்றாலும், "மீண்டும் முயலவும்" என்று எல்லோரும் கத்துவார்கள். கல்யாணமாகி வந்த என் கணவருக்குச் சித்தி முதலில் சொல்லிக்கொடுத்ததும் இதைத்தான். கணவர் அதைச் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் மீண்டும் முயல்கிறேன். இரண்டாவது தடவைதான் உண்மை வருகிறது.