மூன்றாவது திரை கண்ணாடியான விவரம்

மனிதனுக்கு இரண்டு கண்கள் உண்டு என்பதை எங்கள் கஃப்ர் ஸிம்ஸிம் வட்டார அலுவலகம் என்றைக்கும் மறுத்ததில்லை. அந்த இரண்டு கண்களால் அவன் ஒரே சமயத்தில் எத்தனை திரைகளைப் பார்க்கலாம் என்பதில்தான் அலுவலகத்துக்கும் ஹாத்திமுக்கும் கருத்து வேற்றுமை வந்தது.

ஹாத்திம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் கேம் கடை வைத்திருந்தான். பதினோரு இருக்கை, பதினோரு திரை, பதினொன்றுக்கும் உரிமம். பன்னிரண்டாவது இருக்கையை மனைவி இனாஸுக்காகப் போட்டான். கார்ப் பந்தய விளையாட்டில் அவளை ஜெயிக்க எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது. ஏழு வாரத்தில் கெய்ரோவில் பெரிய போட்டி. அங்கே ஒவ்வொருவர் முன்னாலும் மூன்று திரை வைப்பார்கள். நடுவில் சாலை, இரு பக்கமும் பக்கத்தில் வரும் வண்டிகள். ஒற்றைத் திரையில் பழகியவர் அங்கே உட்கார்ந்தால், திடீரென்று பக்கத்தில் ஒருவன் முளைத்ததைக் கண்டு பதறிச் சுவரில் போய் மோதுவார். ஆகவே அந்த ஒரே இருக்கைக்கு மூன்று திரை.

நான் வட்டார அலுவலக வாசலில் குடை விரித்து மனு எழுதுகிறவன். ஹாத்திம் என்னிடம் வந்தான்.

"ஹாஜி, சின்ன விஷயம்தான். ஒரே இருக்கைக்கு மூணு திரை வேணும். ரெண்டு வரி எழுதிக் குடுங்க."

இரண்டு வரி மனுவை எந்த அதிகாரியும் மனுவாக மதிப்பதில்லை. ஆகவே ஒன்றரைப் பக்கம் எழுதினேன். கை பழக்கத்தில், "குடிமக்களின் பார்வை விரிவடையும் பொருட்டு" என்றும் ஒரு வரி சேர்த்துவிட்டேன். பின்னால் வந்த அத்தனைக்கும் அந்த வரிதான் காரணம். குடிமக்களின் பார்வை விரிவடைந்து அந்த அலுவலகத்துக்குப் பழக்கமில்லை.

உரிமப் பிரிவின் துணைத் தலைவர் உஸ்தாத் இஸ்மத் ஹாத்திமை உள்ளே அழைத்தார். மனு எழுதியவன் என்ற முறையில் நானும் போனேன்.

"ஒரு ஆளுக்கு எதுக்குய்யா மூணு திரை?"

"பக்கத்துல வர்ற வண்டியும் தெரியணும் பாஷா."

"கழுத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்லு."

"கழுத்தைத் திருப்பினா கடைச் சுவருதான் தெரியும் பாஷா."

"சுவத்துல ஒரு ஜன்னல் வை."

"ஜன்னல் வழியா பார்த்தா வெங்காய வண்டிதான் வரும் பாஷா. பந்தயக் கார் வராது."

இஸ்மத் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு நாற்பத்து நாலாம் எண் படிவத்தை எடுத்தார். அதில் இரண்டே கட்டங்கள்: நன்மைகள், தீமைகள். மூவர் குழு கள ஆய்வு செய்து இரண்டையும் நிரப்பும், அதன்மேல் முடிவெடுக்கப்படும், அதுவரை அந்த இருக்கையில் பொதுமக்கள் யாராவது உட்கார்ந்தால் கடைக் கதவில் சிவப்பு அரக்கு வைக்கப்படும் என்று அறிவித்தார். எங்கள் ஊரில் அரக்கு வைத்த கதவு திறப்பது அரக்கு வைத்தவரின் பேரன் காலத்தில்தான்.

"இனாஸ் என் பொண்டாட்டி பாஷா. அவளுமா பொதுமக்கள்?"

"அரசாங்கத்துல வேலை பார்க்கறாளா?"

"இல்ல பாஷா."

"அப்ப பொதுமக்கள்தான்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் குழு கடைக்கு வந்தது. இஸ்மத் தலைவர், மற்ற இருவர் உறுப்பினர்கள். அலுவலகத்துக்கு அவர் ஒன்பது மணிக்கு வந்ததை நான் பார்த்ததே இல்லை. முதல் வாரம் ஆய்வு. இரண்டாம் வாரம் விரிவான ஆய்வு. மூன்றாம் வாரம் யார் முதலில் ஆய்வு செய்வது என்பதில் உறுப்பினர்களுக்குள் சட்டையைப் பிடிக்கிற அளவுக்குச் சண்டை. தன் இருக்கைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு இனாஸ் நின்றாள்.

"பாஷா, நீங்க மிதிக்கிறது பிரேக் இல்ல. ஆக்ஸிலரேட்டர்."

"வேகமும் ஆய்வுக்கு உட்பட்டதும்மா. தள்ளி நில்லு."

"பாஷா, நீங்க எதிர்ப்பக்கமா ஓட்டறீங்க. எல்லாரும் உங்க எதிர்ல வர்றாங்க பாருங்க."

"அவங்கதான் எதிர்ப்பக்கமா வர்றாங்க. குறிச்சுக்கோங்க," என்றார் இஸ்மத். உறுப்பினர் ஒருவர் குறித்துக்கொண்டார்.

அன்று மாலை இனாஸ் என் குடையடிக்கு வந்தாள். "ஹாஜி, இன்னும் நாலு வாரம்தான் இருக்கு. இந்த இருக்கையில இன்னும் ஒரு தடவைகூட நான் உட்காரல. என் தலையில அந்தத் தொந்திக்கார இஸ்மத் உட்கார்ந்திருக்கார். உங்க பார்வை எப்ப விரிவடையும்?"

பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வழியாக நாலாம் வாரக் கடைசியில் அறிக்கை வந்தது. நன்மைகள் கட்டத்தில், பார்வை விரிவடைகிறது என்றும், இதனால் பக்கத்தில் வருகிறவனை நன்றாகப் பார்த்துவிட்டே மோத முடிகிறது என்றும் எழுதியிருந்தார்கள். தீமைகள் நீளமாக இருந்தன. கழுத்து வலிக்கிறது. மேசைக்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டி மூன்று திரைக்கும் சேர்த்து மூச்சு வாங்கிச் சூடாகி, உறுப்பினர் ஒருவரின் கணுக்காலைச் சுட்டது. சில விளையாட்டுகளை மூன்று திரைக்கு நீட்டினால் ஓரத்தில் நிற்கும் மனிதர்கள் ரொட்டி மாவு மாதிரி இழுபடுகிறார்கள். மூன்று திரைக்கு முன்னால் அமர்ந்தவருக்கு எதிரே நின்று யார் கூப்பிட்டாலும் காது கேட்பதில்லை. இந்தக் கடைசி வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு குறிப்பு: "இது நம் ஊழியர்களுக்குத் திரை இல்லாமலே இருப்பதால் தீமையாகக் கொள்ளப்படவில்லை."

முடிவு இது: ஒரு திரை போதாது என்ற மனுதாரரின் கருத்தையும், மூன்று திரை அதிகம் என்ற அலுவலகத்தின் கருத்தையும் சமமாக மதித்து, நடுநிலை தவறாமல் இரண்டு திரைக்கு அனுமதி வழங்கப்படுகிறது.

இனாஸ் அறிக்கையைக் கையில் பிடித்தபடி நேரே இஸ்மத்தின் அறைக்குள் போய்விட்டாள். ஹாத்திமும் நானும் பின்னால் ஓடினோம்.

"பாஷா, ரெண்டு திரையைச் சேர்த்து வச்சா ரெண்டு விளிம்பும் நடுவுல வந்து நிக்கும். நான் போற ரோடு அந்தப் பட்டைக்குப் பின்னாடி மறைஞ்சுடும். ரெண்டு பக்கமும் தெரியும், முன்னால மட்டும் ஒண்ணும் தெரியாது."

"ஒண்ணை நேரா வச்சு, இன்னொண்ணைப் பக்கத்துல வை."

"அப்ப ஒரு பக்கம் குருடு பாஷா."

இஸ்மத் தேநீரை உறிஞ்சினார். "இருபத்தெட்டு வருஷமா முன்னால என்ன இருக்குன்னு தெரியாமத்தான் நான் இந்தப் பிரிவை ஓட்டறேன். ஒரு விபத்து நடந்திருக்கா?"

"வண்டி நகர்ந்தாத்தானே பாஷா விபத்து நடக்கும்."

ஹாத்திம் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தான். இரண்டு வாரமும் சில நாட்களும்தான் பாக்கி.

அன்று குடையடியில் உட்கார்ந்து உரிம விதிகள் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். திரைக்கு உரிமம் வேண்டும். விளம்பரப் பலகைக்கு வேண்டும். மீன் தொட்டிக்குக்கூட வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடிக்கு மட்டும் வேண்டாம். மறுநாள் ஹாத்திமைக் கூப்பிட்டேன்.

"அந்த மூணாவது திரையில பின்னால வர்ற வண்டி தெரியுமா?"

"தெரியற மாதிரி வச்சுக்கலாம் ஹாஜி."

"பின்னால வர்றது தெரிஞ்சா அது கண்ணாடி. அப்படியே எழுதிடறேன்."

இந்த முறை எட்டே வரியில் எழுதினேன். இஸ்மத் நேரில் பார்வையிட வந்தார். மூன்றாவது திரை அணைந்திருந்தது. அந்தக் கறுப்பில் அவர் முகம் தெரிந்தது. குனிந்து மீசையைச் சரிசெய்துகொண்டார். பக்கவாட்டில் திரும்பியும் பார்த்தார்.

"கண்ணாடிதான்," என்று எழுதி அரசாங்கக் கழுகு முத்திரையைக் குத்தினார்.

மிச்சமிருந்த பன்னிரண்டு நாளும் இனாஸ் இரண்டு திரை, ஒரு கண்ணாடியின் முன்னால் பழகினாள். ஹாத்திம் கொண்டுவந்த சாப்பாட்டை ஒரு கையால் சாப்பிட்டாள். கெய்ரோவில் இரண்டாவதாக வந்தாள். முதலில் வந்தவன் எந்த ஊர், எத்தனை நாள் பழகினான் என்று விசாரித்தோம். அவன் ஊர் உரிமப் பிரிவுத் தலைவர் ஆறு மாதமாக மருத்துவ விடுப்பில் இருக்கிறாராம்.

இனாஸ் கோப்பையோடு வந்து இறங்கியதும் ஊருக்கு மூன்று திரைப் பைத்தியம் பிடித்தது. மருந்துக் கடைக்காரர் மூன்று திரை வைத்தார். அவித்த மொச்சை விற்கிறவர் மூன்று வைத்து ஒன்றில் மொச்சை, ஒன்றில் எண்ணெய் விட்ட மொச்சை, ஒன்றில் மொச்சை தீர்ந்துவிட்டது என்று ஓடவிட்டார். பெண் பார்க்க வருகிறவர்களிடம் மாப்பிள்ளைக்கு எத்தனை திரை என்று கேட்டார்கள். ஒற்றைத் திரைக்காரன் தலையைக் குனிந்தான். எல்லாரும் இரண்டுக்கு உரிமம் வாங்கி மூன்றாவதைக் கண்ணாடி என்று பதிந்தார்கள். எல்லா மனுவையும் நான்தான் எழுதினேன். ஒரே மாதத்தில் இருநூற்று நாற்பது கண்ணாடி.

அலுவலகம் விழித்துக்கொண்டது. சுற்றறிக்கை வந்தது: "திரையானது கண்ணாடியாக இருக்க இயலும் என்று இவ்வலுவலகமே சான்றளித்துள்ள நிலையில், கண்ணாடியானது திரையாக இருக்க இயலாது என்பதற்கு யாதொரு ஆதாரமும் இல்லை. ஆகவே இனிக் கண்ணாடிகளும் ஆய்வுக்கு உட்பட்டவை."

முதலில் மாட்டியது முடி திருத்தும் உஸ்தா ஷலபி. அவர் கடையின் ஒரே நாற்காலிக்கு எதிரே வரிசையாக மூன்று கண்ணாடி. இஸ்மத் படிவத்தோடு போய் நின்றார்.

"இதுல என்ன ஓடுது?"

"உங்க முகம்தான் பாஷா ஓடுது."

"எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும்?"

"நீங்க வந்ததும் ஆரம்பிச்சிடுச்சு பாஷா. நீங்க போனா முடிஞ்சிடும். உட்காருங்க, அதுக்குள்ள ஷேவ் பண்ணிடறேன்."

ஷலபியின் நடுக் கண்ணாடியில் சிவப்பு அரக்கு வைத்தார்கள். அதன்பின் அங்கே முடி வெட்டிக்கொண்டவர்களுக்கு இரண்டு காதுப் பக்கமும் பிரமாதமாக அமைந்தன. நெற்றி எப்படி இருக்கிறது என்று வீட்டுக்குப் போனால்தான் தெரிந்தது. சில மாதத்தில் தந்தா நகரத்திலிருந்துகூட இளைஞர்கள் ரயிலேறி வந்து அந்த வெட்டைக் கேட்டு வாங்கிப் போனார்கள்.

பிறகு வீடு வீடாக வந்தார்கள்.

என் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த மேசை ஒன்றே ஒன்றுதான். என் மனைவி ஸமீஹா கல்யாணத்துக்குக் கொண்டுவந்தது. நடுவில் பெரிய கண்ணாடி, இரண்டு பக்கமும் கதவு மாதிரி மடங்கும் சின்னக் கண்ணாடிகள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் துடைப்பேன். மற்றபடி அந்த அறைக்குள் அதிகம் போவதில்லை.

இஸ்மத் பார்த்ததும் கையைத் தட்டினார். "மூணு! ஒரே இருக்கை! ஹாஜி, நீங்களுமா?"

"இது ரொம்பப் பழசு பாஷா."

"பயன்படுத்தறது யாரு?"

"என் மனைவி."

"கூப்பிடுங்க."

"அவ போய் ஒன்பது வருஷமாச்சு."

அவர் படிவத்தைத் தாழ்த்தினார். "இறைவன் அவங்க மேல கருணை காட்டட்டும்," என்று மெதுவாகச் சொல்லி, படிவத்தில் "பயன்படுத்துபவர்: நீண்ட விடுப்பில்" என்று எழுதினார். பிறகு அரக்குத் துண்டைப் பையிலிருந்து எடுத்தார்.

"பாஷா, கள ஆய்வு செய்யாம அரக்கு வைக்கலாமா? விதி இருக்கே," என்றேன். எனக்குத் தெரிந்த ஆயுதம் அது ஒன்றுதான்.

விதி என்றதும் அவர் மேசைக்கு முன்னாலிருந்த சின்ன ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் பக்கக் கண்ணாடிகளைத் திருப்பி வைத்தேன். நடுவில் ஓர் இஸ்மத். இடதில் ஓர் இஸ்மத். வலதில் ஒன்று. அவர் தலையசைத்தார், மூவரும் தலையசைத்தார்கள். கண்டிப்பாகப் பார்த்தார், மூவரும் கண்டிப்பாகப் பார்த்தார்கள். தன் பிடரியைத் தன் வாழ்நாளில் முதல்முறையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை.

"ஹாஜி," என்றார் கடைசியில். "இவ்வளவு நாளா இதை வீட்டுக்குள்ள வச்சிக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லலியே!"

நன்மைகள் கட்டத்தை அவரே நிரப்பினார்: பார்வை விரிவடைகிறது, எந்தப் பக்கம் திரும்பினாலும் பொறுப்புள்ள ஓர் அதிகாரி தென்படுகிறார். இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினார். அரக்குத் துண்டு பைக்குள் திரும்பிப் போனது. பிறகு எழுந்து, படிவத்தையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார்.

"தீமைகளை நீங்களே எழுதுங்க ஹாஜி. எனக்கு ஒண்ணும் தோணல. மேசை உங்க கையிலேயே இருக்கட்டும். வாராவாரம் வந்து ஆய்வு செய்யறேன்."

முப்பத்தொரு வருஷம் இந்த ஊருக்கு மனு எழுதியவன் நான். தீமைகள் என்னென்ன என்று என்னைவிடத் தெரிந்தவர் எங்கள் மாவட்டத்தில் இல்லை. மேசையில் படிவத்தை விரித்து, குனிந்து, "ஏதுமில்லை" என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். நிமிர்ந்து பார்த்தபோது கண்ணாடியில் நானே மூன்று பேராக எழுதி முடித்திருந்தேன். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை.