காணாமல் போன நாற்பத்தொன்று

ஹாஸல்பாக் சமஸ்தானம்,
17 அக்டோபர் 1786.

மகாகனம் பொருந்திய மைத்துனர் குவிரின் அவர்களின் சமூகத்துக்கு, அரண்மனை வம்சப் பதிவாளன் லெபரெக்ட் பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் நிறைமாதமாக இருக்கும் தங்கள் தங்கை வால்புர்காவும் நலம். தாங்களும் தங்கள் ரொட்டி அடுப்பும் நலமாக இருக்க ஆண்டவர் அருள்வாராக. நலம் என்று எழுதியது மரியாதைக்காக. உண்மையில் என் கழுத்துக்கு ஆபத்து.

எங்கள் ராஜவம்சத்தின் அறிவுக்கூர்மை தாங்கள் அறிந்ததே. முன்னூறு ஆண்டுகளாகப் பிறக்கிற ஆண்பிள்ளைக்கெல்லாம் எகோன் என்று ஒரே பெயர், யோசிக்கிற வேலையை முதலாம் எகோனே முடித்துவிட்டுப் போய்விட்டார், மற்றவர்களுக்கு நம்பர்தான். அந்த நம்பரை நான் பதிவேட்டில் எழுதினால் இளவரசர், எழுதாவிட்டால் வெறும் அழுகிற குழந்தை. போன வாரம் இருபத்துமூன்றாம் எகோன், நான்காவது வாத்துக்காலைக் கையில் பிடித்தபடியே மனநிறைவோடு காலமானார். உயிலைப் பிரித்தால், 'சமஸ்தானம் முழுவதும் பதிவேட்டில் கண்ட நாற்பத்தோராம் எகோனுக்கு' என்றிருக்கிறது. முழுவதும் என்றால், காலையில் வண்டி கட்டினால் மதியச் சாப்பாட்டுக்கு அயல்நாடு. பதிவேட்டைப் பிரித்தால் நாற்பது இருக்கிறார், நாற்பத்திரண்டு இருக்கிறார், நடுவில் ஒரு காலி வரி. இருபது வருஷத்துக்கு முன்னால் ஜலதோஷத்தில் தும்மிக்கொண்டே ஒரு வரி தாண்டி எழுதிய புண்ணியவான் நான்தான்.

இப்போது நாற்பது, "நாப்பத்தொண்ணுக்கு இந்தப் பக்கம் நான்தானே இருக்கேன்" என்கிறார். நாற்பத்திரண்டு, "அந்தப் பக்கம் நான் இருக்கேனே" என்கிறார். ஆளுக்கு ஒன்பது சிப்பாய், இருவருக்கும் பொதுவாக ஒரே ஒரு முரசு, அதை யார் அடிப்பது என்பதில் போர் தள்ளிப்போகிறது. திவான் என்னைக் கூப்பிட்டார்.

"யோவ் பதிவாளரே, நாப்பத்தொண்ணு எங்கய்யா?"

"தேடிக்கிட்டிருக்கேன் பிரபு."

"இருபது வருஷமாவா? ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆளக் கொண்டாந்து நிறுத்தல, கோபுரச் சிறையில உமக்கு ஓர் அறை ஒதுக்கியாச்சு. காத்தோட்டமா இருக்கும்."

வீட்டுக்கு வந்தால் தங்கள் தங்கை, "எல்லாருக்கும் ஒரே பேரு வச்சா கூப்பிட்டா எவன் திரும்பிப் பார்ப்பான்? நம்ம பிள்ளைக்காவது மனுஷப் பேரா எங்கண்ணன் பேரை வைங்க" என்கிறாள். சத்தியம் செய்துவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது மைத்துனரே. நாற்பத்தொன்பது வயதில் கோபுரப் படி ஏற என்னால் முடியாது. சனிக்கிழமைக்குள் ஒரு மூடுவண்டி அனுப்புங்கள். இந்த முட்டாள் வம்சத்தின் முகத்தில் இனி விழிக்க மாட்டேன், அங்கு வந்து மாவு பிசைந்தாவது பிழைத்துக்கொள்கிறேன்.

தங்கள் குடும்பமும் அடுப்பும் என்றும் அணையாதிருக்க வேண்டும்,
தங்கள் அடிபணிந்த லெபரெக்ட்.

பின்குறிப்பு: வண்டி வேண்டாம். இன்று காலை தங்கள் தங்கைக்கு ஆண் குழந்தை. பாதிரியார் பெயர் கேட்டபோது பழக்கதோஷத்தில் என் வாய் எகோன் என்றது, அதே பழக்கதோஷத்தில் என் கை அந்தக் காலி வரியில் எழுதிவிட்டது. திவான் வந்து படித்தார். "அந்த ரெண்டு எருமைங்ககிட்ட மாட்டுறதுக்கு, பேசத் தெரியாத ராஜா எவ்வளவோ தேவலாம்" என்று சொல்லி, தொட்டிலுக்கு முன்னால் மண்டியிட்டார். நம் வம்சத்தின் தொன்மையான பெயரிடும் மரபை இனி யாரும் கேலி செய்ய வேண்டாம். தங்கள் பெயரை வைக்க முடியாததற்கு வருந்துகிறேன். ராஜமாதா சொல்கிறாள்: "அண்ணன் தாராளமா வரட்டும். ரொட்டிக்காரங்க வர்ற பின்வாசல் வழியா வரச் சொல்லுங்க."